நெஞ்சில் பட்ட அடி இதயத்தை நிறுத்துவது ஏன்?

2022 ஜூலையில் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் கபடி ஆடிய இளைஞர், நெஞ்சில் எதிரணி வீரரின் முழங்கால் பட்டு, எழ முயன்று அப்படியே சரிந்தார். பிழைக்கவில்லை.

நெஞ்சடி உயிரைப் பறிக்கும் வழிகளில் ஒன்று விசித்திரமானது. எலும்பு முறியாது, இதயத்தில் காயமும் இருக்காது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை அடுத்த துடிப்புக்காகத் தன் மின்னேற்றத்தை மீட்டுக்கொள்கிறது. அதில் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம்தான் ஆபத்தானது. சரியாக அப்போது இதயத்துக்கு நேர் மேலே கார்க் பந்து மோதினால் மின் ஒழுங்கு குலைந்துவிடும். கீழறைகள் துடிக்காமல் வெறுமனே நடுங்கும், ரத்தம் ஓடாது. பிள்ளைகளின் மார்புக்கூடு மெல்லியது, வளைந்து கொடுப்பது. அதனால் பதின்வயதினரே அதிகம் பலியாகிறார்கள். பன்றிகளில் செய்த சோதனையில் மணிக்கு 64 கிலோமீட்டர் பந்து வேகமே மிக ஆபத்தாக இருந்தது. பள்ளிப் பையன் வீசக்கூடிய வேகம்தான் அது!

2023 ஜனவரியில் ஆட்டத்தில் நெஞ்சில் அடிபட்டு இதயம் நின்று சரிந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் பிழைத்தார். மைதானத்திலேயே மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். அந்த மின்அதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் குறைகிறது. மன்னவனூர் போன்ற மலைக் கிராமத்திலிருந்து மருத்துவமனை உள்ள கொடைக்கானலுக்கோ 30 கிலோமீட்டருக்கும் மேல் மலைப்பாதை. 108 ஆம்புலன்ஸ் வரும்வரை, சரிந்தவரின் நடுமார்பில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். மலைப் பள்ளி மைதானங்களில் மின்அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள்.