போனின் ஆயுளைப் பசை தீர்மானிக்கிறது

2007 ஆகஸ்டில் நோக்கியா நிறுவனம் உலகம் முழுவதற்கும் ஓர் எச்சரிக்கை விட்டது. ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில் தயாரித்துக் கொடுத்த பிஎல்-5சி பேட்டரிகளில் சில, சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம், விரும்புகிறவர்கள் அதை மாற்றிக்கொள்ளலாம் என்றது. அந்த வகையில் வந்தவை 4.6 கோடி பேட்டரிகள். தொகை மலைக்க வைத்தாலும் வாடிக்கையாளருக்கு வேலை சின்னதுதான். பின்மூடியைக் கட்டைவிரலால் தள்ளி, பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து, அதன் முதுகில் அச்சிட்டிருந்த 26 எழுத்துகள் கொண்ட அடையாள எண்ணைச் சரிபார்க்க வேண்டும். அந்த எண் பட்டியலில் இருந்தால் பேட்டரி மட்டும் மாறும். போன் அவர் கையிலேயே இருக்கும்.

ஒன்பது ஆண்டு கழித்து, 2016 ஆகஸ்டில், சாம்சங் கேலக்ஸி நோட் 7 விற்பனைக்கு வந்தது. சில வாரங்களிலேயே அங்கங்கே தீப்பிடித்த செய்திகள். முதலில் 25 லட்சம் போன்கள் திரும்ப அழைக்கப்பட்டன. மாற்றாகக் கொடுத்தவையும் எரிந்ததால் அக்டோபரில் அந்த மாடலையே கைவிட்டார்கள். கோளாறு பேட்டரியில்தான் என்று 2017 ஜனவரியில் சாம்சங்கே அறிவித்தது. திரை, கேமரா, போர்டு எதிலும் குறையில்லை. அந்தப் போன்களில் ஒரு பகுதியைச் சிறிய பேட்டரி பொருத்தி, அதே ஆண்டில் கொரியாவில் வேறு பெயரில் விற்றதே அதற்குச் சாட்சி. இருந்தும் பேட்டரியை மட்டும் அனுப்பி வைக்க வாடிக்கையாளருக்கு வழி இருக்கவில்லை. அது கண்ணாடிக்கும் பசைக்கும் அடியில் கிடந்தது.

இந்த இரண்டு காலங்களையும் ஒரே சாலையில் பார்த்த ஊர் குன்றத்தூர். போரூரிலிருந்து குன்றத்தூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும். நகத்தால் திறக்கும் போன்களை நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006 முதல் 2014 நவம்பரில் மூடும் வரை தயாரித்தது. இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன. இப்போது வருபவை திறக்கச் சூடு தேவைப்படும் போன்கள்.

அந்தச் சூட்டைப் பார்க்க ஆலைக்குள் போக வேண்டாம், கடைவீதியில் உள்ள மொபைல் சர்வீஸ் கடை போதும். பேட்டரி உப்பி, பின்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்ட போன் ஒன்று வருகிறது. கடைக்காரர் அதைச் சூட்டுத் தட்டின் மேல் சில நிமிடம் வைக்கிறார். பசை இளகியதும் விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டுகிறார். கை அவசரப்பட்டால் கண்ணாடி விரியும். மூடி வந்த பிறகு திருகுகள், அப்புறம் ரிப்பன் கேபிள்கள். கடைசியில்தான் பேட்டரி. அதுவும் பசையால் படுக்க வைக்கப்பட்டிருக்கும். அடியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டுக் காத்திருந்து கிளப்ப வேண்டும். உலோகக் கருவியால் நெம்பக் கூடாது. உள்ளே நேர்மின் தகட்டையும் எதிர்மின் தகட்டையும் பிரித்து வைத்திருப்பது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். அது கிழிந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அடுத்த நொடி புகை.

இத்தனை பாடு எதற்கு? பசை வைத்ததற்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. பசை தண்ணீரையும் தூசியையும் தடுக்கிறது, போனை மெலிதாக்குகிறது. ஆலையில் திருகு முடுக்கும் வேலையையும் மிச்சப்படுத்துகிறது. ஆனால் தண்ணீருக்காக மட்டுமே ஒட்டினோம் என்ற வாதம் நிற்காது. 2014இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ் 5, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் தரச்சான்று பெற்ற போன். அதன் பின்மூடியைக் கையால் கழற்றிப் பேட்டரியை மாற்றலாம்.

போனில் உள்ள பாகங்களில் நிச்சயமாகத் தேயப்போவது பேட்டரிதான். லித்தியம் அயனி பேட்டரியின் எதிர்மின்வாய் கிராஃபைட்டால் ஆனது. முதல் முறை சார்ஜ் ஏறும்போதே, சுற்றியுள்ள மின்பகுளி அதனுடன் வினைபுரிந்து அதன் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. இந்தப் படலம் இல்லாவிட்டால் பேட்டரி நிலைக்காது. ஆனால் அது வளர்வதும் முழுதாக நிற்பதில்லை. ஒவ்வொரு சார்ஜ் சுற்றிலும் கொஞ்சம் லித்தியத்தைச் சிறைபிடிக்கிறது. சூடு கூடினால் வினையும் வேகமாகிறது. நம் ஊர் ஏப்ரல், மே மாதங்களில் வண்டியின் டேஷ்போர்டில் கிடக்கும் போனுக்கு நேர்வது இதுதான். ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு என்பது ஆப்பிள் சொல்லும் கணக்கு, 15 முதல் 1000 சுற்றுகள். ஆக, பேட்டரி தீரும் நாள் அதை வடிவமைத்தவருக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் அதை ஒட்டி வைக்கிறார்.

தோட்டுக்குத் திருகாணி வைத்த பொற்கொல்லர், மாட்டும்போதே கழற்றுவதையும் நினைத்தவர். பழுதுபார்க்கும் உரிமை என்று உலகம் இன்று பேசுவதன் பொறியியல் சாரம் அதுதான். பூட்டும் வரிசையை யோசிக்கும்போதே பிரிக்கும் வரிசையையும் யோசிக்க வேண்டும்.

யோசித்தால் முடியும் என்பதற்கு 2024இல் வந்த ஐபோன் 16 ஒரு சான்று. தமிழ்நாட்டு ஆலைகளிலும் இது உருவாகிறது. இதன் பேட்டரியைப் பிடித்திருப்பது மின்சாரத்துக்குக் கட்டுப்படும் பசை. மல்டிமீட்டருக்குள் போடும் சதுரமான 9 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, அதன் இரு முனைகளையும் உரிய இடங்களில் கவ்வ வைத்தால், சுமார் ஒன்றரை நிமிடத்தில் பிடி விட்டுவிடும். சூடு வேண்டாம், நெம்ப வேண்டாம். இந்த வகைப் பசைகளுக்குள் மின்னேற்றம் கொண்ட அயனிகள் கலந்திருக்கும். மின்னழுத்தம் கொடுத்ததும் அவை இரு பக்கத்து உலோகத்தை நோக்கி நகர்கின்றன. பசையும் உலோகமும் தொடும் எல்லையில் வேதிமாற்றம் நடந்து பிணைப்பு தளர்கிறது. ஆண்டுக்கணக்கில் இறுக்கிப் பிடிக்கவும், கேட்டதும் விட்டுவிடவும் ஒரே பசையால் முடிகிறது.

பசை தவிர இன்னொரு பூட்டு உண்டு, மென்பொருள். 2016 தொடக்கத்தில், கைரேகை படிக்கும் ஹோம் பட்டனை வெளிக்கடையில் மாற்றிய ஐபோன் 6 கருவிகள் பல, மென்பொருளைப் புதுப்பித்ததும் ‘பிழை 53’ என்று காட்டிச் செத்தன. கைரேகை உணரியை யாரும் திருட்டுத்தனமாக மாற்றிவிடக் கூடாது என்பது நியாயமான கவலை. அதற்காக முழு போனையும் முடக்கியதற்கு ஆப்பிள் மன்னிப்புக் கேட்டுத் திருத்தம் வெளியிட்டது. வெளிக்கடையில் பழுதுபார்த்த காரணத்தைக் காட்டி வாடிக்கையாளர்களுக்குத் தீர்வு மறுத்ததற்காக, ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018இல் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பாகத்தின் வரிசை எண்ணைப் போர்டுடன் இணைத்து, புதிய பாகத்தை ஏற்க மறுக்கும் இந்த வழக்கத்தை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல் சட்டம் போட்டுத் தடுத்தது.

இந்தியாவில் இதே சண்டை முதலில் கார்களில் நடந்தது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அப்போது ஒரகடத்தில் ஆலை வைத்திருந்த நிசானும் அதில் அடக்கம். உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும் விற்ற பொருளின் பழுதுபார்ப்பையும் விற்றவரே ஏகபோகமாக்கக் கூடாது என்ற வாதம் அப்போதே பதிவாகிவிட்டது.

போன்களின் முறை 2022இல் வந்தது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஜூலையில் நிதி கரே தலைமையில் ஒரு குழு அமைத்தது, டிசம்பர் 24 நுகர்வோர் தினத்தன்று பழுதுபார்ப்பு உரிமைக்கான தளத்தையும் தொடங்கியது. அடுத்து பரத் கேரா தலைமையிலான குழு, ‘பழுதுபார்ப்புக் குறியீடு’ ஒன்றைப் பரிந்துரைத்து 2025 மே மாதம் அறிக்கை தந்தது. பேட்டரி, திரை, கேமரா, சார்ஜிங் போர்ட், ஸ்பீக்கர் போன்ற முக்கியப் பாகங்களை எத்தனை படிகளில் கழற்றலாம், என்ன கருவி வேண்டும், உதிரிபாகம் எத்தனை நாளில் வரும், மென்பொருள் எவ்வளவு காலம் புதுப்பிக்கப்படும் என்று பார்த்து நிறுவனங்களே மதிப்பெண் அறிவிக்க வேண்டும் என்பது யோசனை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களின் முத்திரையில் ஏ முதல் இ வரை பழுதுபார்ப்புத் தரமும் அச்சாகிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும்.

நம் குறியீட்டில் விலையும் கண்டிப்பாகச் சேர வேண்டும். பிரான்ஸ் 2021இல் தொடங்கிய குறியீட்டில் பாகத்தின் விலைக்கும் மதிப்பெண் உண்டு. ஐந்தே திருகில் கழலும் திரை, போனின் பாதி விலைக்கு விற்றால் அதை யார் மாற்றுவார்? மதிப்பெண்ணை நிறுவனமே போட்டுக்கொள்ளும்போது, அதை எடுத்துச் சோதிக்கும் வெளி ஆய்வகமும் வேண்டும்.

சோதிக்க ஆளில்லை என்று இந்த வட்டாரத்தில் யாரும் சொல்ல முடியாது. பாகங்களை எந்த வரிசையில் சேர்ப்பது என்று அறிந்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே இருக்கிறார்கள், பிரிக்கத் தெரிந்த கைகள் ஒவ்வொரு கடைவீதியிலும் உண்டு. பற்றாக்குறை திறமையில் இல்லை. கையேடு, உதிரிபாகம், மென்பொருள் அனுமதி மூன்றும்தான் இங்கே வந்து சேரவில்லை. அதுவரை போன் வாங்கப் போகிறவர்கள் கேமராவின் மெகாபிக்சலோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கடையில் கேட்டுப் பார்க்கலாம். பேட்டரி மாற்ற எவ்வளவு, எத்தனை நாள் ஆகும், இன்னும் எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும்? பதில் சொல்லத் திணறும் கடைகள் பெருகினால் அந்தத் திணறல் கம்பெனிவரை போகும். அங்கே அடுத்த மாடலுக்குப் பசை தேர்வு செய்கிறவருக்கு அது ஒரு விற்பனைப் பிரச்சினையாகத் தெரிய ஆரம்பிக்கும்.