தக்காளியைத் தாக்கும் புதிய பகைவன்

கண்ணுக்குத் தெரியும் பகைவனைவிடத் தெரியாத பகைவனே கொடியவன். பயிர்களைப் பொறுத்தவரை அத்தகைய பகைவன் வைரஸ். இன்று உலகின் பல நாடுகளில் தக்காளி உழவர்களைக் கலங்கச் செய்யும் ஒரு புதிய வைரஸைப் பற்றி நாம் அறிந்துகொள்வோம்.

2014-ஆம் ஆண்டின் இறுதியில், இஸ்ரேல் நாட்டின் தெற்கே உள்ள ஓஹாத் என்னும் சிற்றூரில் தக்காளிச் செடிகளின் இலைகளில் தேமல் கண்டது. பழங்களில் மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றின. 2015-இல் அண்டை நாடான ஜோர்டானிலும் இந்நோய் காணப்பட்டது. பழங்கள் பழுப்பேறிச் சொரசொரப்பாகிவிடுவதால், 'தக்காளிப் பழுப்புச் சொரசொரப்புக் கனி வைரஸ்' என்று இதற்குப் பெயரிட்டனர். 2018-இல் மெக்சிகோ, ஜெர்மனி ஆகிய நாடுகளிலும், 2019-இல் இங்கிலாந்திலும், 2024-இல் ஆஸ்திரேலியாவிலும் இது கண்டறியப்பட்டது.

இது நாம் பாடத்தில் படிக்கும் புகையிலைத் தேமல் வைரஸின் உறவினம். அக்குடும்பத்து வைரஸ்களை எதிர்த்து நிற்கும் மரபணு ஒன்றைத் தக்காளியில் சேர்த்து, பல்லாண்டுகளாகப் பயிரைக் காத்து வந்தனர். அந்தக் கோட்டையையே இப்புதிய வைரஸ் தகர்த்துவிட்டது!

இது பரவும் விதம் என்ன? நோயுற்ற செடியைத் தொட்ட விரல் நல்ல செடியைத் தொட்டாலே போதும். கத்தி, கயிறு, கூடை, வேலை செய்வோரின் உடை ஆகிய யாவும் இதைச் சுமக்கும். பசுமை இல்லங்களில் மகரந்தச் சேர்க்கைக்காக விடப்படும் பம்பிள் தேனீக்களும் பூவுக்குப் பூ இதைக் கொண்டு செல்கின்றன. விதையின் மேலுறையிலும் இது ஒட்டியிருக்கும். விதை மூலம் நோயுறும் நாற்றுகள் மிகச் சிலவே. ஆயினும் ஒரு நாற்று நோயுற்றால், பராமரிக்கும் கைகளே அதைத் தோட்டமெங்கும் பரப்பிவிடும். விதை வாணிபம் கடல் கடந்து நடப்பதால் நோயும் கடல் கடக்கிறது.

இவ்வைரஸ் மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் புள்ளி விழுந்த பழத்தை வாங்குவார் யார்? கடன் வாங்கிப் பயிரிட்ட உழவன், காய்த்த செடிகளைத் தன் கையாலேயே பிடுங்கி எரிக்க நேர்கிறது. நோயுற்ற செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆகவே வருமுன் காப்பதே வழி. சோதித்த விதையை விதைத்தல், கைகளையும் கருவிகளையும் தூய்மை செய்தல், நோயுற்ற செடிகளை உடனே அகற்றுதல் ஆகியவை இன்றியமையாதவை. நோயை எதிர்க்கும் புதிய இரகங்களும் இப்போது வெளிவந்துள்ளன.

தோழியரே! சோப்பும் நீரும் கொண்டு கைகழுவுதல் நம் உடல்நலம் காக்கும் என்று அறிவோம். அதே எளிய பழக்கம் ஓர் உழவரின் உழைப்பையும் காக்க வல்லது. தோட்டத்தில் நுழையும்போது இதை நாம் நினைவிற் கொள்வோமாக!