கச்சானும் மேற்குக் காற்றும்

மேற்கே இருந்து அடித்தால் கச்சான், கிழக்கே இருந்து வந்தால் கொண்டல். திரேஸ்புரத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சோற்றோடு இறங்கிய சொற்கள். ஆனால் கரையோரச் சுவரில் உட்கார்ந்திருந்த பிளஸ் ஒன் பையனிடம் “இப்ப என்ன காத்து?” என்று கேட்டபோது, “மேற்குக் காற்று சார்” என்று பாடப் புத்தகம்போல் ஒப்பித்தான்.

பதின்பருவத்தாரை மனம்விட்டுப் பேச வைப்பது எப்படி என்று இப்போது ஊரெல்லாம் கருத்தரங்கு. எந்தப் பேச்சில் பேசச் சொல்கிறோம் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. வாயைத் திறந்ததும் “கடக்கரைப் பேச்சு” என்று வகுப்பு சிரிக்கிறது. பெயருக்குப் பின்னால் பர்னாந்து, மோத்தா, ரோச் என்று இருந்துவிட்டால், வெளியூர்க் கல்லூரியில் “நீ தமிழா?” என்ற கேள்வி வேறு. பையன் பேச்சைக் குறைத்துக்கொள்கிறான். வீட்டார் அதை அடக்கம் என்று மெச்சுகிறார்கள்; எனக்கோ அதுதான் பயம்.

இந்தப் பேச்சின் பூர்வீகம் தெரிந்தால் சிரித்தவர்கள் கூசுவார்கள். 16ஆம் நூற்றாண்டில் புன்னைக்காயலில் தங்கிய அன்றிக் அடிகளார், முத்துக்குளித்துறை மக்கள் வாயில் புழங்கிய தமிழைக் கேட்டுக் கேட்டுத்தான் போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதினார். அவர் கொண்டுவந்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அதுதான். நம் காலத்தில் ஜோ டி குருஸ் ‘ஆழி சூழ் உலகு’ நாவலைக் கரைப் பேச்சிலேயே எழுதினார். அவருடைய ‘கொற்கை’ 2013இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. விருது வாங்கிய பேச்சுக்கு வகுப்பறையில் மட்டும் தீட்டு!

தேர்வுக்கும் வேலைக்கும் பொதுத்தமிழ் வேண்டும் என்பார்கள். வேண்டும்தான், மறுக்கவில்லை.

ஆனால் மனம்விட்டுப் பேசும்போது உடம்பு, காதல், சாதி, தான் ஆணா பெண்ணா என்ற தவிப்பு என எதுவானாலும் முதலில் வருவது வீட்டுச் சொல்லில்தான். அதைத் திருத்தினால் சொல்ல வந்ததும் உள்ளே போய்விடும். எதிரே நாற்காலி போட்டு விசாரிப்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே கேட்பது மேல்.

சுவரில் அரை மணி நேரம் கழிந்ததும் நான் ‘சார்’ இல்லை, ‘அண்ணாச்சி’ ஆகியிருந்தேன். அப்புறம்தான் விஷயம் வந்தது: அவனுக்குக் கணக்குப் பாடம் பிடிக்கவில்லை, கப்பல் வேலைக்குப் போகணும்.

“அப்பாகிட்ட சொன்னியா?”

“எங்க அண்ணாச்சி, அவுக தொழிலுக்குப் போயிருக்காவ. கச்சான் வேற ஏறுது.”