கீரை தின்றால் கல் வருமா?

ஒன்பதாம் வகுப்பில் ஊட்டச்சத்துப் பாடம் நடத்தியபோது ஒரு மாணவி எழுந்தாள். “டீச்சர், அப்பாவுக்குக் கிட்னியில கல்லு. அதனால எங்க வீட்டுல யாருமே கீரை சாப்பிடுறதில்ல. கீரை நல்லதா, கெட்டதா?”

ஒருவருக்கான பத்தியம் வீடு முழுவதற்கும் ஆகிவிட்டது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. இந்நிலையில் வளரும் பெண்ணின் தட்டிலிருந்து கீரை காணாமல்போவதை நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை.

அப்பாவின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. பாலக்கிலும் தண்டுக்கீரை, முளைக்கீரை வகைகளிலும் ஆக்சலேட் மிகுதி. அது சிறுநீரில் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிறது. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்தான். ஆனால் அதே சேர்க்கை குடலிலேயே நடந்துவிட்டால், ஆக்சலேட்டின் ஒரு பகுதி இரத்தத்தில் கலக்காமல் மலத்தோடு வெளியேறிவிடும். ஆகவே கல் உள்ளவர், மருத்துவர் அனுமதிக்கும் அளவுக் கீரையைத் தயிரோடு உண்பது நல்லது. ‘கீரையும் தயிரும் ஆகாது’ என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது வியப்புதான்! நிறைய நீரில் வேகவைத்து வடித்தாலும் ஆக்சலேட் குறையும். நாமோ வேகவைத்த நீரோடு கடைகிறோம்; எல்லாம் சட்டியிலேயே தங்குகிறது. அதற்காக எல்லோரும் வடிக்க வேண்டியதில்லை, ஃபோலேட்டும் வைட்டமின் சி-யும் அந்த நீரோடு போய்விடும். மகளுக்குத் தேவை இரும்புச்சத்து. கால்சியம் அதன் உட்கிரகிப்பைக் குறைக்கும் என்பதால், அவள் தயிருக்குப் பதில் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். ஒரே கீரை, இரண்டு தட்டு!

செயற்கை இதயவால்வு பொருத்தியவர்கள் உண்ணும் வார்ஃபரின் மாத்திரை வேறு கதை. அது வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பது. கீரையில் அந்த வைட்டமின் ஏராளம். ஒரு வாரம் கட்டுக்கட்டாகத் தின்று, மறுவாரம் நிறுத்தினால் மருந்தின் கணக்குத் தவறும். வாரந்தோறும் சீரான அளவு உண்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

எல்லோருக்கும் பொதுவான ஆபத்து கிருமிதான். 2006-இல் அமெரிக்காவில், பையில் அடைத்து விற்ற பச்சைப் பசலையிலிருந்து ஈ.கோலை பரவி ஏறத்தாழ 200 பேர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். நாம் கீரையை வேகவைப்பதால் தப்புகிறோம். கொத்தமல்லியையும் புதினாவையும் பச்சையாகவே அரைக்கிறோமே!

அடுத்த வகுப்பில் ஒரு கட்டு முளைக்கீரையை மூன்று கண்ணாடிக் கிண்ணங்களில் அடுத்தடுத்து அலசி, நீரைத் தெளியவிட்டோம். மூன்றாவது கிண்ணத்தின் அடியிலும் மண் இருந்தது. நான்காவது கிண்ணம் கேட்டு மாணவர்களே சத்துணவுக்கூடத்துக்கு ஓடினார்கள்.