ஜாமீன் கிடைத்தும் திறக்காத கதவு

மூணாறு, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் வேலை செய்து வருகின்றனர். அவர்களில் ஒருவர் அடிதடி வழக்கொன்றில் கைதாகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில நாட்களில் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துவிடுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை. உள்ளூரில் சொத்துள்ள இருவர் ஜாமீன் நிற்க வேண்டும், நிலத்துக்குக் கரம் கட்டிய ரசீதையும் காட்ட வேண்டும். அவர் குடியிருக்கும் லயன் வீடோ கம்பெனிக்குச் சொந்தம். அக்கம்பக்கத்தாருக்கும் அதே நிலைதான். கயத்தாறிலிருந்து அண்ணன் பட்டாவோடு மலையேறி வந்தாலும், வெளி மாநிலச் சொத்து செல்லாது என்ற பதில் கிடைக்கலாம். ஜாமீன் கிடைத்த மனிதர் தேவிகுளம் சப்-ஜெயிலிலோ, முட்டத்திலுள்ள மாவட்டச் சிறையிலோ கம்பி எண்ணிக்கொண்டிருப்பார்.

பாலக்காட்டு எல்லையிலும் இதே சங்கடம் உண்டு. கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பகுதிகளில் பிழைப்பு இந்தப் பக்கம், நிலமும் உறவும் பொள்ளாச்சிப் பக்கம் என்று வாழும் குடும்பங்கள் பல. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் அன்றாடம் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு வந்து போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

சிறை நிர்வாகத்தைச் சீர்திருத்துவது என்றால் புதிய கட்டடம், காமிரா, கணினி என்றே பலரும் நினைக்கிறோம். கேரளம் சிறைச் சீர்திருத்தத்தில் பின்தங்கிய மாநிலம் அன்று. நெட்டுகால்தேரியில் திறந்தவெளிச் சிறையை 1962ஆம் ஆண்டிலேயே தொடங்கிய மாநிலம் அது. அங்குள்ள சிறைகளில் கைதிகள் சுட்டு விற்கும் சப்பாத்திக்கு ஊரெங்கும் நல்ல பெயர். ஆனால் வெளியே போக வேண்டியவர் உள்ளேயே இருந்தால், எத்தனை கட்டடம் கட்டினாலும் இடம் போதாது. 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளின் கொள்ளளவு 4,36,266. இருந்தவர்களோ 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் இன்னும் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். அதாவது, சிறைகளை ஏறக்குறைய நிரப்புவதற்கு விசாரணைக் கைதிகள் மட்டுமே போதும்!

இந்தச் சிக்கலை நன்கு உணர்ந்தவர் பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர். 1948ஆம் ஆண்டில் தாமே சிறையிருந்தவர். 1957ஆம் ஆண்டில் அமைந்த ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டத்துடன் சிறைத்துறையையும் கவனித்தவர். உச்ச நீதிமன்ற நீதிபதியாக 1978ஆம் ஆண்டில் அவர் விசாரித்தது மத்தியப் பிரதேசத்து ஏழைக் கொத்தனார் மோத்திராமின் வழக்கு. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டிருந்தார் மாஜிஸ்திரேட். சகோதரர் ஜாமீன் நிற்க வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். கிருஷ்ணய்யர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். தமிழரோ மலையாளியோ தெலுங்கரோ எங்கோ தொலைவில் கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். ஆயிரம் ரூபாய் சொந்த ஜாமீனில் அந்தக் கொத்தனாரை விடச் சொன்னார்.

தீர்ப்பு வந்து பல்லாண்டுகள் கழித்தும் குறை தீராததால், 2023ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தெளிவான நடைமுறைகளை வகுத்தது. ஜாமீன் உத்தரவை அன்றைக்கோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியே போகாவிட்டால், கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் தர முடியாவிட்டால், நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவதைப் பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்ற நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்றும் கூறியது.

2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு இன்னொரு பொறுப்பையும் சேர்த்தது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக, முதல் முறை குற்றஞ்சாட்டப்பட்டவர் அதற்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றிலொரு பங்கையும், மற்றவர் பாதியையும் சிறையில் கழித்திருந்தால், கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தால் இது பொருந்தாது. ஆக, நல்ல சிறை நிர்வாகம் என்பது பூட்டைச் சரிபார்ப்பது மட்டுமன்று. யாருக்கு எந்த நாளில் கதவு திறக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பதும் அதில் அடங்கும்.

ஊரிலிருந்து இப்படியொரு செய்தி வந்தால் நாம் என்ன செய்யலாம்? அவசரப்பட்டு இடைத்தரகர் கையில் பணம் கொடுக்காதீர்கள். ஜாமீன் உத்தரவு என்றைக்கு வந்தது, நிபந்தனை என்ன என்று முதலில் கேளுங்கள். உறவினர் இந்தியாவில் 15100 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் காவலில் இருப்பவருக்கு வக்கீல் வைத்துத் தரும். துறைத் தலைமைக்கு மனுவைத் தமிழிலேயே எழுதலாம். கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டப்படி அங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தமிழிலேயே பதில் வர வேண்டும்.

பிழைக்க வந்த இடத்தில் நமக்காக ஜாமீன் நிற்க யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி, ஊரை விட்டு வந்த நமக்குப் புதிதன்று. அந்த மலைத் தோட்டத்து மனிதரின் தவிப்பு நமக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?