புதிய காரும் பழுதான கியரும்: விசுவாசி நியாயம் கேட்கலாமா?



புதிய வாகனம் வாங்கினால் நம்மில் அநேகர் முதலாவது செய்வது என்ன? வண்டியைச் சபையின் வாசலில் நிறுத்திப் போதகரை அழைத்து, கைகளை வைத்து ஜெபித்த பின்பே வீட்டிற்கு ஓட்டிச் செல்லுகிறோம். அடுத்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்லுகிறோம். சொந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்து, வாடகை வீட்டில் குடியிருந்து, மாதத் தவணைக்குக் கையெழுத்திட்டு வாங்கிய வண்டி அல்லவா? நன்றி சொல்லுவது நல்லது.

ஆனால், சாட்சி சொன்ன மூன்றாம் மாதத்திலேயே அந்த வண்டியின் கியர் பாக்ஸ் பழுது காட்டத் தொடங்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

வாளையாறு எல்லையைத் தாண்டிப் பாலக்காட்டுக்குச் செல்லும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கஞ்சிக்கோடு இருக்கிறது. 1970-களில் இன்ஸ்ட்ருமென்டேஷன், ஐ.டி.ஐ. ஆகிய பொதுத்துறை ஆலைகள் அமைந்த நாள்முதல் தொழிற்பேட்டையாக வளர்ந்த ஊர் இது. இங்கே வேலைசெய்யும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வேலை கஞ்சிக்கோட்டில், கார் வாங்கியது கோயம்புத்தூரில், சொந்த ஊரோ திருநெல்வேலிப் பக்கம். விடுமுறைக்குப் பிள்ளைகளோடும் வயதான தாயோடும் ஊருக்குப் போகையில், ஒரு மேட்டில் வண்டி இரண்டாம் கியருக்கு ஏற மறுத்து நிற்கிறது. பின்னால் லாரி ஒன்று ஒலியெழுப்புகிறது. அந்த நிமிடத்தில் இது வெறும் பணத்தைப்பற்றிய காரியம் அன்று, உயிரைப்பற்றிய காரியம்.

மௌனம் பொறுமையாகாது

இப்படிப்பட்ட வேளையில் நம்மவர்கள் பலர் வாய்திறப்பதில்லை. "சாட்சி சொன்ன வண்டியைக் குறை சொல்லலாமா?" என்று சிலர் தயங்குகிறார்கள். "நாம் வெளியூர்க்காரர், பாஷையும் சரியாக வராது, யாரிடம் போய்க் கேட்பது?" என்று சிலர் ஒதுங்குகிறார்கள். சர்வீஸ் சென்டரில் "போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டால், அதையே நம்பிப் பொறுத்துக்கொள்ளுகிறவர்களும் உண்டு.

பிரியமானவர்களே, வாரண்டி என்பது உங்களுக்குக் காட்டப்படும் தயவு அன்று. நீங்கள் கொடுத்த விலைக்குள் அடங்கிய, எழுத்தில் தரப்பட்ட வாக்கு அது. அதற்கு ஒரு காலவரையும் கிலோமீட்டர் வரையும் உண்டு. நீங்கள் மௌனமாயிருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கெடு கரைந்துகொண்டே போகிறது. பொறுமை ஆவியின் கனி. ஆனால் கெடு முடியும்வரை வாய்மூடி இருப்பது பொறுமையாகாது.

எது இயல்பு, எது பழுது?

முதலாவது, குறையைச் சரியாக அறிந்துகொள்ளுங்கள். ஏ.எம்.டி. எனப்படும் தானியங்கி கியர் வண்டிகளில், கிளட்சை அழுத்துவதையும் கியரை மாற்றுவதையும் ஓட்டுநரின் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு சிறு கணினியும் அதன் கட்டளைக்குக் கீழ்ப்பட்ட கருவிகளும் செய்கின்றன. ஒரு கியரிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது வண்டி சற்றே தயங்குவது இவ்வகைக்கு இயல்பு. ஆனால் கியர் தானாக விடுபடுவது, இஞ்சின் இரைந்தும் வண்டி நகராதிருப்பது, ரிவர்ஸ் விழ மறுப்பது, உலோகம் உரசும் ஓசை, எச்சரிக்கை விளக்கு எரிவது ஆகியவை இயல்பல்ல. சில குறைகள் கணினியின் மென்பொருளைப் புதுப்பித்தாலே நீங்கிவிடும். சிலவற்றிற்குப் பாகத்தையே மாற்றவேண்டும்.

கிளட்ச் பிளேட்டு தேயும் பொருள் என்பதால், பல நிறுவனங்களின் வாரண்டி அதை விலக்கியோ வரையறுத்தோ வைக்கிறது. ஆகையால் வண்டியோடு தரப்பட்ட வாரண்டி கையேட்டை முழுவதும் வாசியுங்கள். குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யாமலிருந்தாலும், வெளியிடத்தில் கியர் பாக்ஸைத் திறந்தாலும் உங்கள் உரிமை பலவீனப்படும்.

மூன்று படிகள்

சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனித்துப் போய்ப் பேசவும், பின்பு சாட்சிகளோடு போகவும், அதற்குப் பின்பே சபைக்கு அறிவிக்கவும் வேண்டும் என்று நம்முடைய ஆண்டவர் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் ஒழுங்கு கற்பித்தார். அது சபைக்குரிய போதனை. ஆயினும் அதிலுள்ள ஞானமான வரிசை இந்தக் காரியத்திற்கும் பொருந்துகிறது.

முதற்படி: நேரில் சென்று சொல்லுங்கள், சொன்னதை எழுத்தில் பெறுங்கள். வண்டியை விடும்போது எழுதப்படும் ஜாப் கார்டில் உங்கள் குறை உங்கள் வார்த்தையிலேயே இருக்கட்டும். "பொதுச் சோதனை" என்று எழுதியிருந்தால் கையெழுத்திடாதிருங்கள். "சூடான பின்பு, மேட்டில், இரண்டாம் கியர் விழவில்லை" என்று தேதியோடும் கிலோமீட்டர் கணக்கோடும் எழுதச் சொல்லுங்கள். மெக்கானிக்கை அருகில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். அதே மாடலில் வேறொரு வண்டியையும் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். வண்டி திரும்பி வரும்போது, பணம் ஒன்றும் வாங்காவிட்டாலும், செய்த வேலைக்குப் பில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் படி: சாட்சிகளைச் சேருங்கள். கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளின் அச்சுப்பிரதி ஒரு சாட்சி. குறை நிகழும்போது உடன் பயணிப்பவர் எடுத்த வீடியோ ஒரு சாட்சி. அதே நிறுவனத்தின் வேறொரு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் கருத்து ஒரு சாட்சி. பெரும்பாலான வாரண்டிகள் நாடெங்கும் செல்லும் என்பதால், கோயம்புத்தூரில் வாங்கிய வண்டியைப் பாலக்காட்டிலும் காட்டலாம். பின்பு டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்திற்கும் சேர்த்து மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். எத்தனை முறை வண்டி உள்ளே போனது, எத்தனை நாள் அங்கே நின்றது, நீங்கள் கேட்பது என்ன, எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.

மூன்றாம் படி: மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இடம்பெயர்ந்து வாழும் நமக்கு இங்கே ஒரு நற்செய்தி உண்டு. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எதிர்க்கட்சியார் இருக்கும் இடத்திலோ வழக்குக்குரிய காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிடவேண்டியிருந்தது. 2020 ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலைசெய்யும் இடத்திலேயே முறையிட வழிதிறந்தது. கோயம்புத்தூரில் வாங்கிய காருக்காகக் கஞ்சிக்கோட்டில் வசிப்பவர் பாலக்காட்டு ஆணையத்தை அணுகலாம்.

பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விலை 5 லட்சம்வரை கட்டணமில்லை. 10 லட்சம்வரை 200 ரூபாய். 20 லட்சம்வரை 400 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடலாம்; இணையவழியாகவும் மனுச் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும் என்பதை மறவாதிருங்கள். வாடகைக் கார் ஓட்டும் சகோதரரே, பிழைப்புக்காக நீரே ஓட்டுகிற வண்டியானால் உமக்கும் இந்தச் சட்டம் துணைநிற்கும்.

ஓட்டுகிறவர்மேல் பழி

"நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை" என்பதே கியர் குறைக்கு அநேக இடங்களில் கிடைக்கும் பதில். ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனத்தின் ஃபியஸ்டா, ஃபோகஸ், இகோஸ்போர்ட் கார்களில் இருந்த பவர்ஷிஃப்ட் என்னும் இரட்டைக் கிளட்ச் கியர் பாக்ஸ் அதிர்ந்து குலுங்கியபோது, சில வாடிக்கையாளர்களுக்கு இந்தப் பதிலே கிடைத்தது. அது தயாரிப்பின் குறை என்பதை நிறுவனம் அறிந்திருந்தது. அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2018 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வாகனம் பழுதானதற்காக மட்டும் விதித்த தண்டனை அன்று அது. முறையிட்டு வந்தவர்களை நடத்திய விதத்திற்காக விதித்தது.

ஆகையால் அந்தப் பதிலைக் கேட்டுக் கலங்காதிருங்கள். "அப்படியே எழுதித் தாருங்கள்" என்று சாந்தமாய்க் கேளுங்கள்.

எதை எதிர்பார்க்கலாம்?

வீண் நம்பிக்கையும் வேண்டாம். அமெரிக்க மாநிலங்களிலும், 2012 முதல் சிங்கப்பூரிலும், பழுதான புதிய வண்டியை வாங்கினவரைக் காக்கத் தனி விதிகள் உண்டு. எலுமிச்சைச் சட்டம் என்று அதற்குப் பெயர். இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. மாருதி உத்யோக் நிறுவனத்தின் வழக்கில் 2006-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வாரண்டி வாக்களிப்பது குறையுள்ள பாகத்தை மாற்றுவதையே, முழுக் காரையும் மாற்றுவதை அல்ல என்று தீர்த்தது. ஆயினும் வாங்கினவர் பட்ட அலைச்சலுக்காக 50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஃபியட் நிறுவனத்தின் வழக்கில் 2010-ஆம் ஆண்டு, சார்பற்ற தொழில்நுட்ப நிபுணர் வண்டியைச் சோதிக்கவும், உற்பத்திக் குறை உண்டென்று அவர் கண்டால் விலையை வட்டியோடு திருப்பித் தரவும் அதே நீதிமன்றம் வழிவகுத்தது.

இவ்விரண்டிலிருந்தும் அறிவது என்ன? "புதுக் கார் கொடு" என்று முதலிலேயே கேட்பதைவிட, "இந்தப் பாகத்தைச் செலவின்றி மாற்று, மாற்றியும் தீராவிட்டால் நிபுணரைக் கொண்டு சோதி" என்று கேட்பவரின் வழக்கே உறுதியாய் நிற்கும். சட்டம் 3 மாதம், சோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்று வரையறுத்தாலும், நடைமுறையில் நீளுவதுண்டு. எனவே முதலிரண்டு படிகளிலேயே காரியம் முடிந்தால் ஆதாயம்.

வழக்கிற்குப் போகலாமா?

1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரத்தை நினைத்து நீங்கள் தயங்கலாம். அங்கே பவுல் கண்டிப்பது, விசுவாசியோடு விசுவாசி அவிசுவாசிகள் முன்பாக வழக்காடுவதை. டீலர் கர்த்தருக்குள் சகோதரராயிருந்தால் முதலில் அப்படியே அவரிடம் போங்கள். ஆனால் நியாயம் மறுக்கப்பட்டபோது அதே பவுல் இராயனுக்கு அபயமிட்டதை அப்போஸ்தலர் 25-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அவர் கோபத்தினால் அதைச் செய்யவில்லை. தேசத்தின் சட்டம் தமக்குத் தந்த வழியைப் பயன்படுத்தினார். லூக்கா 18-ல் வரும் விதவையும் அநீதியுள்ள நியாயாதிபதியிடம் சோர்ந்துபோகாமல் திரும்பத் திரும்பச் சென்றாள்.

ஒன்றுமட்டும் கவனியுங்கள். லேவியராகமம் 19-ல் சொல்லப்பட்ட சரியான தராசு விற்பவருக்கு மாத்திரம் அல்ல, வாங்குபவருக்கும் உரியது. ஒருமுறை நடந்ததைப் பத்துமுறை என்று எழுதாதிருங்கள். வெள்ளத்தில் ஓட்டினதை மறைக்காதிருங்கள். சர்வீஸ் கவுண்டரில் நிற்கும் வாலிபனும் ஒருவேளை உங்கள் மகனைப்போல வெளியூரிலிருந்து வந்து வேலைசெய்கிறவன். கியர் பாக்ஸைச் செய்தவன் அவன் அல்ல. கடிதத்தில் உறுதி இருக்கட்டும். நாவில் சாந்தம் இருக்கட்டும்.

இந்த மாதமே உங்கள் வாரண்டி கையேட்டை எடுத்து, அது முடியும் தேதியைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். படிப்பறிந்த வாலிபர்கள், கடிதம் எழுதத் தெரியாத முதியோருக்காக ஆராதனைக்குப் பின்பு அரைமணி நேரம் ஒதுக்குங்கள், அதுவும் ஊழியமே. பழுது நீங்கி வண்டி வீடு திரும்பும் நாளில் அதையும் சாட்சியாய்ச் சபையில் சொல்லுங்கள். அதைக் கேட்டு, இன்னும் வாய்திறக்காதிருக்கும் ஒருவர் தைரியமடைவார்.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. ஆமென்.