கழற்ற வேண்டிய இடத்தில் எந்தப் பசை?

ஜேர்மனியில், ஹம் நகரின் காமாட்சி அம்பாள் தீர்த்தமாடும் டத்தெல்ன்–ஹம் கால்வாய் 47 கிலோமீற்றர் நீளமானது, 1914இல் திறக்கப்பட்டது. சரக்குக் கப்பல்களோடு சின்னச் சின்ன உல்லாசப் படகுகளும் அதில் ஓடுகின்றன. பெரும்பாலும் பைபர் படகுகள். பக்கத்து ஊர் பெர்க்காமனில், ரூன்தே படகுத்துறையில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும்.

பழைய பைபர் படகொன்றின் மேல்தளத்தில் கயிறு சுற்றும் கொம்பைக் கழற்றினால், சில வேளை திருகாணியோடு கறுத்த ஈரத்தூளும் சேர்ந்து வரும். அது உளுத்த பால்சா மரம். பல படகுகளின் தளத்தில் இரண்டு பைபர் தகடுகளுக்கு நடுவே அந்த மரம்தான் இருக்கிறது. திருகாணி ஓட்டையால் சொட்டுச் சொட்டாக இறங்கும் மழைநீர் அதை ஊறவைக்கிறது. இங்கத்தைய மாரியில் அந்த நீர் உறைந்து 9 சதவீதம் பருக்கும்போது தகடும் மரமும் பிரிந்துவிடும். பல்லாயிரம் யூரோ வேலை ஒரு ஓட்டையில் தொடங்குகிறது.

அடைக்கும் பசையை வாங்கப் போகிறவர் பெரும்பாலும் “எது பலமாக ஒட்டும்?” என்றே கேட்கிறார். “இதைப் பிறகு கழற்ற வேண்டி வருமா?” என்பதுதான் முதற்கேள்வியாக இருக்க வேண்டும். பொலியூரித்தேன் அடைப்பான் மட்டுமல்ல, பலத்த ஒட்டுப்பசையும்கூட. காற்றின் ஈரத்தை எடுத்து இறுகும். உடலும் தளமும் சேரும் மூட்டுக்கு அது சரி. கொம்புக்குப் பூசினால், கழற்றும் நாளில் பைபரும் பிய்ந்து வரலாம். தேக்குப் பலகை இடுக்குகளுக்குப் பொலிசல்பைட் நல்லது, பெற்றோல் பட்டாலும் தாங்கும். ஆனால் அக்ரிலிக், பொலிகாபனேற் ஜன்னல்களில் அதை வைக்கவே கூடாது, பிளாஸ்ரிக் வெடித்துவிடும். சிலிக்கோன் எந்தக் கடையிலும் கிடைக்கிறது என்பதற்காகப் படகெங்கும் பூசுகிறார்கள். அது ஒருமுறை பட்ட இடத்தில் பெயின்ரும் பிடிக்காது, வேறு பசையும் பிடிக்காது. எனக்கு அதில் விருப்பமே இல்லை.

நம் கரைகளில் மரக்கலம் கட்டியவர்கள் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சிப் பூசினார்கள். பழுதானால் கிளறி எடுத்துவிட்டு மறுபடியும் அடைக்கலாம். வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற மரக்கலம் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் வரை போய்ச் சேர்ந்தது.

கிளறி எடுத்து மறுபடியும் அடைக்கக்கூடிய அந்தக் குணம் இன்று பியூட்டைல் நாடாவில் இருக்கிறது. இறுகாது, வெடிக்காது. நீர்மட்டத்துக்குக் கீழேயும் எரிபொருள் படும் இடத்திலும் மட்டும் வேண்டாம். ஓட்டையின் வாயைச் சற்றே அகலக் குடைந்து, நாடாவைத் திருகாணிக் கழுத்தில் சுற்றி, கொம்பைப் பொருத்துங்கள். ஒரே மூச்சில் முறுக்க வேண்டாம். இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம். விளிம்பால் பிதுங்கி வருவதை வெட்டி எடுத்து, நாலாம் நாளும் ஒரு அரைச் சுற்று முறுக்குங்கள். இனிப் பிதுங்கவில்லை என்றால் வேலை முடிந்தது.